யாரும் வாங்காத விலை

கடையில் என் வேலைக்கு வந்திருக்கும் பெண் போன வாரம் கைப்பேசியில் ஒரு படிவம் அனுப்பியிருந்தாள். மேலே ‘கைவினைப் பொருள்களுக்கு விலை போடும் முறை’ என்று தலைப்பு. கீழே மூன்று கட்டங்கள்: நூல் செலவு, வேலை நேரம், லாபம். மூன்றையும் நிரப்பினால் நான்காவது கட்டத்தில் விலை தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். “ஆன்ட்டி, சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க லா. நீங்கதானே இத்தன வருஷமா விலை போட்டீங்க” என்று எழுதி, இரண்டு கை கும்பிடுகிற படத்தையும் ஒட்டியிருந்தாள்.

படிவத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் எனக்கு இப்படி ஒன்று கிடைத்திருந்தால் தலைமுடி கொஞ்சம் மெதுவாக நரைத்திருக்கும். ஆனாலும் ‘சரி’ என்று ஒரே சொல்லில் பதில் அனுப்ப மனம் வரவில்லை. இருபத்தேழு வருடம் விலைச்சீட்டு எழுதிய கை இது. அதில் பதினைந்து வருடம் தப்பாக எழுதியது. அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் புஷ்பலீலா. தோட்டத்தில் யாரும் முழுப்பெயரைச் சொல்லி வாயைக் கஷ்டப்படுத்திக்கொண்டதில்லை, லீலாதான். மலாய் நாட்டில், ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா மருந்தடித்தார். பதினேழு வயதில் நானும் கூடையைத் தூக்கினேன். ஆறு வருடம் மலை, பத்து வருடம் பேக்டரியில் தூள் கட்டும் வேலை. பிறகு சுற்றுப்பயணிகளுக்காகத் தோட்டத்தார் மலை முகப்பில் ஒரு தேநீர்க் கடை திறந்தார்கள். ‘மலாய் பேசுவாள், கொஞ்சம் இங்கிலீஷும் வரும், கை சுத்தம்’ என்று கணக்கெழுதும் கிராணி சொல்ல, என்னை அங்கே அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

கடைக்கு மேனேஜராக வந்தவர் மேடம் யோங். ஈப்போ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சீனரின் மகள். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர் என்பதால் தமிழ் பேசுவார், எங்களைவிட நன்றாகத் திட்டுவார். மலைக் குளிர் அவருக்கு ஆகாது. இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடமாடுவார்.

ஒருநாள் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவரின் குழந்தை பின்னல் தொப்பியோடு கடை வாசலில் நின்றிருந்தது. ஒரு வெளிநாட்டுக்காரர் ‘அந்தத் தொப்பி என்ன விலை?’ என்று கேட்டார். அப்படித்தான் எங்கள் கைவேலை அலமாரி ஆரம்பமானது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்களுக்குக் கொக்கி ஊசியில் பின்னுவது பழகிய வேலை. இந்தக் குளிரில் பின்னாமல் பிள்ளை வளர்க்க முடியாது. தொப்பி, கையுறை, சால்வை, தேநீர்க் கூஜாவுக்குச் சட்டை என்று வாரம் ஒரு பை வந்து இறங்கியது. விலை போடும் வேலை என் தலையில் விழுந்தது.

இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். முதல் மாதம் நான் எல்லாவற்றையும் தராசில் வைத்து நிறுத்து விலை போட்டேன்.

எனக்கு வேறு என்ன தெரியும்? உதிரித் தேயிலை நிறுக்க மேசைமேல் ஒரு தராசு இருந்தது. நாங்கள் பிறந்ததிலிருந்து உழைப்பை அளந்த சாமான் அது ஒன்றுதான். எத்தனை கிலோ கொழுந்தோ அத்தனை காசு. பின்னிக்கொண்டு வந்த பெண்களும் அதையே கேட்டார்கள். “நிறுத்துப் போடு லீலா, அப்பத்தான் ஒருத்திக்கு ஒருத்தி வஞ்சகம் இருக்காது.” மழை நாளில் ஒரு பை சால்வை ஈரமாக வந்தது. ஈரக் கொழுந்துக்குக் கங்காணி தண்ணீர் கழிப்பதுபோல நானும் கிலோவுக்கு இவ்வளவு என்று தண்ணீர் கழித்தேன். யாரும் கோபிக்கவில்லை, நியாயம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் மாதம் தொப்பிகள் கனக்க ஆரம்பித்தன. இரட்டை நூல், மூன்று நூல் சேர்த்துப் பின்னிய தொப்பிகள் மேசைமேல் சட்டிபோல் தானாக நின்றன. போட்டுப் பார்த்த பிள்ளைகளுக்குக் கழுத்து சாய்ந்தது. அந்தக் குவியலுக்கு நடுவில் எண்பது கிராம்கூட இல்லாத ஒரு வெள்ளைத் தட்டு விரிப்பு கிடந்தது. மெல்லிய நூலில், பூப்பூவாக, விளிம்பெல்லாம் குட்டிக் குட்டி வளையமாக இருந்தது. தராசு சொன்னபடி அதற்கு எங்கள் ஊர்ப் பணத்தில் மூன்று வெள்ளி போட்டிருந்தேன்.

அதைப் பின்னியவர் பாக்கியம் அக்கா. எங்கள் லயத்திலேயே கடைசி வீடு. கொழுந்து எடுப்பதில் அவர் சுமார்தான், பேச்சிலும் சுமார்தான். அந்த மூன்று வெள்ளியை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டு போயிருந்தார்.

மேடம் அந்த விரிப்பைத் தூக்கிப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். “இது என்ன விலை?”

“எடை கம்மி மேடம்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மெல்லிய நூல்கண்டையும் கொக்கி ஊசியையும் எடுத்துக் கொடுத்தார். “இதே மாதிரி ஒரு சாண் பின்னிக் கொண்டா. அப்புறம் பேசலாம்.” ஆறு நாள் ஆனது. ஆறாம் நாள் கொண்டுபோனதும் ஒரு சாண் இல்லை, முக்கால் சாண். அதிலும் ஒரு பூ கோணல். மேடம் அதை வாங்கி அலமாரிக் கதவில் குண்டூசியால் குத்தி வைத்தார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய பட்டம் அது ஒன்றுதான்.

அதன் பிறகுதான் அவர் பார்க்கும் விதத்தைக் கவனித்தேன். முதலில் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வார். பொருளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புவார். “மொகம் எல்லாருக்கும் அழகாத்தான் இருக்கும் லா, முதுகப் பாரு” என்பார். நூல் முடிந்த இடங்களை விரலால் தடவுவார். விளிம்பை இழுத்து விட்டு, பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார். மோந்து பார்ப்பார். நெத்திலி வாசம் அடித்தால் துவைத்துக் கொண்டுவரச் சொல்வார். அதன் பிறகு ஒரே கேள்வி: “எத்தன நாள் வேலை?” யார் செய்தது என்று கேட்க மாட்டார். பொருளின்மேல் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். “செஞ்சவ மொகத்தப் பாத்துட்டு விலை போட்டா ஒண்ணு பாவம் பாப்ப, இல்ல பழி வாங்குவ. ரெண்டும் யாவாரத்துக்கு ஆகாது.” சீட்டில் விலையைப் பென்சிலால்தான் எழுதுவார். ஆனால் சீட்டு அலமாரிக்கு ஏறிவிட்டால் பென்சிலும் ஒன்றுதான், கல்வெட்டும் ஒன்றுதான். “எழுதி வெச்சா அது வாக்கு. அந்த விலைக்கு எவன் கேட்டாலும் குடுத்துடணும்.”

அவரிடம் கற்றுக்கொண்டு, மெல்ல மெல்ல நானே போட ஆரம்பித்தேன். தப்பு நடக்காமல் இல்லை. முயல் காது வைத்த தொப்பி பின்னும் அம்மா ஒருவர் இருந்தார். விற்பனை மந்தமான ஒரு மாதம் அவர் தொப்பிக்கு இரண்டு வெள்ளி குறைத்தேன். அடுத்த வாரம் பத்துத் தொப்பி வந்தது, பத்துக்கும் ஒற்றைக் காது. “என்னம்மா இது?” என்றேன். “ரெண்டு வெள்ளி கொறச்சியே, அந்த வெலைக்கு ஒரு காதுதான் வரும்” என்றார். இந்த நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்திருக்க முடியாது. இரண்டு வெள்ளியைத் திரும்ப ஏற்றினேன், இரண்டாவது காதும் முளைத்தது.

இப்படியே பதினைந்து வருடம் ஓடியது. கியா பார்ம் பக்கம் சாலையோரக் கடைகளில் பெட்டி பெட்டியாக வந்திறங்கும் ஸ்ட்ராபெரி தொப்பிகளோடு போட்டி போட்டுக்கொண்டு எங்கள் அலமாரியும் நின்றது. எங்கள் சாமான்கள் விற்றன. நான் போட்ட விலை விற்கிறது என்பதில் எனக்கு ஒரு கர்வம். மேடமும் ஒன்றும் சொன்னதில்லை.

பாக்கியம் அக்காவின் வீட்டில் அப்போது ஒரு சங்கடம். ஒரே மகள் தேவி, பிரிஞ்சாங்கிலிருந்து காய்கறி ஏற்றும் லோரி ஓட்டுநர் பையனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டாள். பையன் நல்லவன்தான். ஆனால் தேவியின் அப்பா கோவிந்தன் மாமாவுக்கு, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற ஆத்திரம். லயமே கேட்கும்படி வாசலில் நின்று, “இனிமே இந்த வீட்ல அவ பேர யாரும் எடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார். மனிதர் பேக்டரியில் தேயிலை உலர்த்தும் அடுப்பில் முப்பது வருடம் வேலை செய்தவர். வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்கத் தெரியாது. நான்கு வருடம் அந்த வீட்டில் அந்தப் பெயர் ஒலிக்கவில்லை.

ஒரு நாள் மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரம், பாக்கியம் அக்கா வந்தார். பையிலிருந்து பழைய மாவுப் பைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பிரித்தேன். பிள்ளைக்குப் போர்த்தும் வெள்ளைச் சால்வை. பழக்கதோஷத்தில் கையைத் துடைத்துக்கொண்டு உள்பக்கம் திருப்பினேன். உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு முடிச்சுகூட விரலில் தட்டுப்படவில்லை. இருபுறமும் முகமாகவே இருந்தது.

“தேவிக்கு அஞ்சு மாசமாம்” என்றார். அவள் பெயரை அவர் சொல்லி நான்கு வருடம் கழித்துக் கேட்கிறேன். “அவ கூட்டாளிப் பொண்ணு ஒருத்தி சொன்னா.”

“அப்ப இதை அனுப்ப வேண்டியதுதானேக்கா? விலாசம் கேட்டு நான் அனுப்பறேன்.”

“வேணாம் லீலா. அவங்கப்பா சொல்லாம நான் அனுப்புனா, அது பாதி வீடு அனுப்புனதாத்தான் இருக்கும். அவரு ஒரு வார்த்த சொல்லட்டும், அன்னிக்கு வந்து எடுத்துக்கறேன். வீட்ல வெச்சா கண்ணுல பட்டுடும். இங்கன்னா நான் எப்பவும் குடுக்கற சாமான்தானே, சந்தேகப்பட மாட்டாரு.”

“என் வீட்ல வெச்சுக்கவாக்கா?”

அவர் என்னைப் பார்த்தார். என் வீடும் அதே லயம், உள்ளே என் மாமியார் இருந்தார். என் மாமியாருக்குத் தெரிந்தால் வானொலியில் சொன்ன மாதிரி. கடையிலோ, செய்தவர்கள் கொடுத்த எதையும் மேசைக்கு அடியில் ஒளித்து வைக்க மேடம் விடமாட்டார். வந்தால் சீட்டு, சீட்டென்றால் அலமாரி.

“அலமாரியிலயே வையி” என்றார் பாக்கியம் அக்கா. “யாரும் வாங்காத வெலையாப் போட்டு வையி. யாருகிட்டயும் சொல்லிடாத, மேடம்கிட்டயும்.”

விற்பதற்காக விலை போட்டுத்தான் எனக்குப் பழக்கம். விற்காமல் இருக்க விலை போடுவது எப்படி? அந்த அளவுள்ள பிள்ளைச் சால்வை எங்கள் அலமாரியில் அறுபது வெள்ளி. நூறு போட்டால் யாராவது ஆசைப்பட்டு வாங்கிவிடலாம். ஆயிரம் போட்டால் மேடம் கேட்பார். நெடுநேரம் பென்சிலைக் கடித்தேன். கடைசியில், கடைக்குள் நான் நுழைகிறேன், கையில் சம்பளம் இருக்கிறது, இந்தச் சால்வையைப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எந்த விலையைக் கண்டால் சீட்டைச் சுட்டதுபோல் விட்டுவிட்டு வெளியே வருவேன்? நானூற்று எண்பது. எழுதினேன்.

சாயங்காலம் மேடம் அலமாரியைச் சுற்றி வந்தார். சால்வையை எடுத்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். சீட்டைப் படித்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தரம் பார்த்தார். “ம்ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு மேல் தட்டில், விளக்குக்குக் கீழே, நன்றாகத் தெரியும்படி விரித்து வைத்துவிட்டுப் போனார்.

நாலரை மாதம் அது அங்கேயே இருந்தது. தூக்கிப் பார்ப்பவர்கள் விலையைப் பார்த்ததும் மெதுவாக வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் என் மனம் குளிரும். பாக்கியம் அக்கா வாரம் ஒரு தடவை தொப்பி கொடுக்க வருவார். கண்ணால் மேல் தட்டைப் பார்ப்பார். “இருக்கா?” என்பார். “இருக்கு” என்பேன். “அவரு ஏதாச்சும்...?” என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

பள்ளி விடுமுறை வந்தது. வாசல்வரை வரிசை நின்ற ஒரு சனிக்கிழமை. குவாந்தானிலிருந்து ஒரு மலாய் அம்மையார், அறுபது வயதிருக்கும், மருமகளோடு வந்திருந்தார். மருமகள் கையில் மூன்று மாதக் குழந்தை. அம்மையார் நேராக மேல் தட்டுக்குக் கையை நீட்டினார். சால்வையைத் திருப்பிப் பார்த்தார். முடிச்சுகளை விரலால் தேடினார். எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது, தேடத் தெரிந்தவர் என்று புரிந்தது. தாமும் வீட்டில் தையல் வேலை செய்கிறவர் என்று பிறகு சொன்னார். சீட்டைப் படித்துவிட்டு மலாயில் என்னிடம் கேட்டார்:

“இவ்வளவுதானா?”

“இது... இது வேற ஒருத்தருக்காக எடுத்து வெச்சது” என்று உளறினேன்.

பின்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது. “சீட்டு இருக்கு, அலமாரியில இருக்கு. அப்புறம் யாருக்கு எடுத்து வெச்சது?”

வாய் திறந்தால் பாக்கியம் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு போகும். திறக்காவிட்டால் சால்வை போகும். வரிசை நீளம், பணம் மேசைக்கு வந்துவிட்டது. அந்த அம்மையார் பேரம் பேசவே இல்லை. “பின்னியவர் பெயர் என்ன?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ‘பாக்கியம்’ என்று இரண்டு தடவை சொல்லிப் பழகிக்கொண்டார். குழந்தையின்மேல் அங்கேயே போர்த்திப் பார்த்தார். மிக அழகாக இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கடை ஓய்ந்ததும் மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அழுதும் விட்டேன். அவர் இரண்டு ஸ்வெட்டருக்குள்ளும் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

“முன்னயே சொல்லியிருந்தா என் வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிருப்பேன் லா” என்றார்.

“அவ்வளவு வெலை போட்டிருந்தேனே, நீங்க ஏன் மேடம் ஒண்ணும் கேக்கல?”

“தப்பா இருந்தா கேட்டிருப்பேன். பதினஞ்சு வருஷத்துல நீ சரியாப் போட்ட வெலை அது ஒண்ணுதான்.”

“அப்ப மத்ததெல்லாம்?”

“வித்துச்சு. விக்கற வெலைய யாரு தப்புன்னு சொல்லுவா? நானும் சொல்லல. அது என்னோட தப்பு.”

அன்று மாலை லயத்துக்கு நடந்த வழியெல்லாம் அந்த ‘இவ்வளவுதானா’ காதில் விழுந்துகொண்டே இருந்தது. தராசைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் தராசை மேசையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சாமானுக்கும் நான் போட்டது, என்னைப்போன்ற ஒரு கொழுந்துக்காரி மகள் கொடுக்கக்கூடிய விலை. எங்களால் வாங்க முடியாததை எங்களால் செய்ய முடியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, பாக்கியம் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

அவர் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே கோவிந்தன் மாமா தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து தணிந்த குரலில் சொன்னேன். பணத்தை அவர் கையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

“கொழந்தைக்கா வாங்குனாங்க?”

“ஆமாக்கா. பேத்திக்கு. அங்கயே போர்த்திப் பாத்தாங்க.”

கீரைத் தண்டு ஒன்றை ஒடித்தார், இன்னொன்றை ஒடித்தார். “சரி விடு. யாரோ ஒரு புள்ள போர்த்திக்கட்டும். குளிருக்குத்தானே” என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. கோவிந்தன் மாமா நிலைப்படியில் வந்து நின்றார். “எதப் போர்த்திக்கிட்டாங்க?”

பாக்கியம் அக்கா குனிந்து மடியிலிருந்த கீரையைக் கிளறினார்.

“அந்த வெள்ளச் சால்வையா?” என்றார் மாமா. பாக்கியம் அக்கா நிமிர்ந்தார். “அப்ப ரெண்டு மாசமா நான் வேலைக்குப் போனதும் ஒக்காந்து பின்னுன. சமையக்கட்டு பூரா வெள்ள நூலு. எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? நீ எப்படியும் குடுத்தனுப்பிடுவன்னு நான் பேசாம இருந்தேன். நீ என்னடான்னா வித்துப்புட்டு வந்து நிக்கிற.”

“நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு...”

“நான் எப்படி சொல்றது? லயமே கேக்க அப்படிச் சொல்லிப்புட்டு!” முப்பது வருடம் அடுப்பில் நின்ற மனிதர், நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “புள்ள பொறந்து பதினஞ்சு நாளாச்சு. பொம்பளப் புள்ள. ரெண்டே முக்கா கிலோ.”

பாக்கியம் அக்காவின் மடியிலிருந்த கீரையெல்லாம் தரையில் விழுந்தது. “ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ரிங்லெட்ல லோரிக்காரனுங்க தேத்தண்ணி குடிக்கற கடையில போயி ஒக்காந்தா சொல்ல மாட்டானுங்களா? நாலு வருஷமா அங்கதானே தேத்தண்ணி குடிக்கறேன்.”

பேக்டரியிலேயே தேத்தண்ணீர் இனாம். அந்த மனிதர் நான்கு வருடமாக மலையிறங்கிப் போய்க் காசு கொடுத்துக் குடித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பாக்கியம் அக்காவுக்கு அழுகை மட்டும் வந்தது. நான் கீரையைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு மெல்ல நகர்ந்தேன்.

அடுத்த விடுமுறை நாள் கோவிந்தன் மாமா தாமே பஸ் ஏறி ஈப்போவுக்கு நூல் வாங்கப் போனார். பெண் குழந்தை என்பதால் ரோசாப்பூ நிறத்தில், கனமான கம்பளி நூலாக இரண்டு பை நிறைய வாங்கி வந்தார். “இது யானைக்குட்டிக்குப் போர்த்தவா?” என்று பாக்கியம் அக்கா கேட்டது லயம் முழுக்கக் கேட்டது. அந்த வீட்டில் அவ்வளவு உரத்த குரலை நாங்கள் கேட்டதே இல்லை. மறு வாரம் பழைய நூலில் ஒரு முழத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி போனார், சரியானதை வாங்கி வந்தார். இம்முறை ஒளிவுமறைவு இல்லை. அக்கா வாசலில் உட்கார்ந்து பின்னினார், மாமா அடுப்பு வேலையைப் பார்த்துக்கொண்டார். ரசம்தான் கொஞ்சம் உப்பாக இருந்ததாம்.

அந்த நாட்களில் நான் அலமாரியிலிருந்த சீட்டுகளையெல்லாம் கழற்றினேன். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, எத்தனை நாள் வேலை என்று மறுபடி கேட்டுக் கேட்டு எழுதினேன். என் கைக்கு எட்டுகிற விலை என்று தோன்றினால் அழித்துவிட்டு மேலே போனேன். பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். “யாரு வாங்குவா இந்த வெலைக்கு? எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடாத லீலா!” பத்து நாள் ஒரு தொப்பிகூட நகரவில்லை. மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அலமாரியைச் சுற்றினார், தடுக்கவில்லை. பிறகு ஒன்று போனது, இரண்டு போனது. எல்லாம் போகவில்லை. சட்டித் தொப்பிகளுக்கு விலையை இறக்கத்தான் வேண்டியிருந்தது. முயல் காதுக்கார அம்மா கோபித்துக்கொண்டு பிரிஞ்சாங் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், தானே கடை போட்டார். அவர் அங்கே நன்றாக விற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். விலை போடுகிறவள் எல்லாம் தெரிந்தவள் இல்லை.

ஆகவே, அந்தப் படிவத்துக்கு என் பதில் இதுதான் பெண்ணே: கட்டங்கள் சரி. நூல் செலவைச் சரியாகப் போடு, நேரத்தைக் கேட்டுப் போடு. ஆனால் கடைசியில் வருகிற விலையைப் பார்த்து ‘ஐயோ, இவ்வளவா!’ என்று உன் கை குறைக்கப் போகும். அந்த நேரம் குறைக்கச் சொல்வது பொருளா, உன் சம்பளமா என்று ஒரு நிமிடம் யோசி.

பாக்கியம் அக்காவின் இரண்டாவது சால்வை இருபத்தாறு நாளில் முடிந்தது. கிள்ளானுக்குப் புறப்படும் அன்று காலை அவர் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பட்டுச் சேலை கட்டியிருந்தார். வெளியே கோவிந்தன் மாமா, இரண்டு பை பச்சைக் காய்கறியோடும் ஒரு ரோசாக் கம்பளி மூட்டையோடும், “பஸ்ஸு போயிரும் பாக்கியம்!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

“லீலா, இத ஒருக்கா பாத்துச் சொல்லு” என்றார் அக்கா.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாங்கினேன். திருப்பினேன், மறுபடி திருப்பினேன். விளிம்பை இழுத்து விட்டேன். முந்தையதைவிட நன்றாக இருந்தது.

“அலமாரியில வெச்சா இதுக்கு என்ன வெலை போடுவ?”

“ஐந்நூத்தி அம்பதுக்கா” என்றேன். “ஒரு காசு கொறைக்க மாட்டேன்.”

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் நம்பவில்லை. பிறகு சால்வையைப் பார்த்தார், தம் கைகளைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சின்னப் பெண்போலச் சிரித்தார்.

“அம்மாடி!” என்றார். “அவ்வளவு வெலையுள்ள சாமானையா நான் சும்மா குடுக்கப் போறேன்!”